ஆறு கோட்டை, இரண்டு ஓரகத்திகள்

மார்ச் 14, வியாழன்

எனக்கும் அம்மை போட்டுவிட்டது. காலையில் குளிக்கும்போது வயிற்றில் நான்கு கொப்புளம் பார்த்தேன். மதியத்துக்குள் முகம் வரை ஏறிவிட்டது. நாற்பத்து மூன்று வயதில் இது வேறு.

அத்தை மாடி அறையில் வேப்பிலை பரப்பி என்னைப் படுக்கச் சொன்னார். அங்கே இன்னொரு கட்டிலில் ஏற்கெனவே பிருந்தா படுத்திருக்கிறாள். அவளுக்கு முந்தாநாளே போட்டுவிட்டது. இரண்டு வாரம் முன் வெள்ளியணையில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம், இருவருக்கும் அங்கேதான் ஒட்டியிருக்க வேண்டும்.

பிருந்தா என் கொழுந்தனாரின் மனைவி. ஒரே வீடு, ஒரே சமையலறை. அண்ணன் தம்பி இருவரும் வீட்டுக்குப் பின்னாலேயே பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறை நடத்துகிறார்கள். கரூரில் எங்கள் தெருவில் மட்டும் இப்படி நான்கு பட்டறை உண்டு. பிருந்தாவும் நானும் பேசி ஒன்றரை வருடம் ஆகிறது. அவளாகத்தான் நிறுத்தினாள். காரணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

அம்மன் வந்திருக்கும் அறையில் டிவி, போன் எதுவும் கூடாதாம். டைரியைப் பற்றி அத்தை ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 15, வெள்ளி

அரிப்பு. அவள் ஒரு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். நான் வேறு சுவர்.

மார்ச் 17, ஞாயிறு

அலமாரியின் அடித்தட்டில் கீர்த்தனாவின் பழைய டப்பா ஒன்று அகப்பட்டது. திறந்தால் ஃபோர்ட்லைன் சீட்டுகள், முந்நூறு நானூறு இருக்கும். ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடமே இதைப் பிடித்துக்கொண்டு திரிந்தது. இப்போது என் மகளுக்குப் பேட்மின்டன்தான் உலகம்.

விதிப் புத்தகத்தைப் பார்த்து மெத்தையில் அடுக்கிப் பார்த்தேன். ஆளுக்கு அறுபது சீட்டு, ஆறு கோட்டை. வீரர்களையும் மிருகங்களையும் இறக்கி எதிராளியின் கோட்டைகளைத் தாக்க வேண்டும். ஆறும் விழுந்தால் தோல்வி. அது வரை புரிந்தது. தனியாக எப்படி விளையாடுவது என்பது புரியவில்லை.

"அதுக்கு ரெண்டு பேரு வேணும்" என்று எதிர்க்கட்டிலிலிருந்து குரல் வந்தது. என்னிடம் சொல்லவில்லை. மின்விசிறியிடம் சொன்னாள்.

நானும் மின்விசிறியைப் பார்த்து, "விளையாடத் தெரிஞ்சவங்க வந்து உக்காரலாம்" என்றேன்.

வந்து உட்கார்ந்தாள்.

மார்ச் 18, திங்கள்

இந்த ஆட்டத்தில் ஒரு விதி. ஒவ்வொரு நகர்வையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாத நகர்வு செல்லாது. ஆகவே நேற்றிலிருந்து பிருந்தா என்னிடம் சொன்னவை: இறக்குறேன். தாக்குறேன். தடுக்குறேன். விட்டுட்டேன். நான் சொன்னவையும் அவைதான்.

இதைப் பேசினோம் என்று சொல்ல முடியாது. விளையாட்டுக்காகச் சொன்னது.

சீட்டில் எல்லாம் ஆங்கிலப் பெயர். நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். எதிராளியின் கைச்சீட்டைப் பார்க்க உதவுவது ஒற்றன். ஒரு சுற்று முழுக்கத் தாக்குதலை நிறுத்துவது அடைமழை. கல்யானை, செந்நாய். பெயர் வைக்கும்போது மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டி வந்தது.

மார்ச் 20, புதன்

இன்று மட்டும் பதினோரு ஆட்டம். அவள் ஏழு, நான் நான்கு. அரிப்பு தெரியவில்லை.

மார்ச் 22, வெள்ளி

இன்று ஆறு ஐந்து. எனக்கு ஆறு.

விழுந்த சீட்டு ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவள் சீட்டுக்கட்டில் என்ன மிச்சம் என்று கணக்காகச் சொல்லிவிடுவேன். ஒரு கல்யாணத்துக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் சாப்பிடாமல் போனார்கள் என்று பத்து வருடம் கழித்தும் சொல்கிறவள் நான். அந்தத் திறமைக்கு இப்படி ஓர் உபயோகம் உண்டு என்று இதுவரை தெரியாது.

பிருந்தா வேறு மாதிரி. எதையும் எண்ண மாட்டாள். என் முகத்தைப் பார்த்தே தாக்குவாள்.

மார்ச் 26, செவ்வாய்

மூன்றாவது தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. கீழே வந்துவிட்டோம். சீட்டு டப்பாவை அவள் துண்டில் சுற்றிக் கொண்டுவந்ததைப் பார்த்தேன். பார்க்காததுபோல் இருந்தேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

மதியம் ஒன்றரைக்குப் பட்டறை ஆட்கள் சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் சாய்வார்கள். அந்த ஒரு மணி நேரத்தில், பாதி முடிந்த பஸ்ஸில் ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்துவிடுகிறோம். ரெக்சின் வாசனையும் பெயின்ட் வாசனையும் தலையைச் சுற்றும். ஆனால் ஆள் வராத இடம்.

இன்று நடுவில் பிருந்தா, "அக்கா, நீங்க அடைமழைய ரொம்ப நேரம் கையிலயே வெச்சுக்கறீங்க" என்றாள்.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அக்கா. எனக்குக் கையில் இருந்த சீட்டே மறந்துவிட்டது. அந்த ஆட்டத்தில் தோற்றேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

கீர்த்தனா பிடித்துவிட்டாள். ஷட்டில் காக் கூரை மேல் விழுந்தது என்று பட்டறைக்குள் வந்தவள், பஸ்ஸில் ஏறி எங்களைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "சித்தி, நீங்க அம்மாகூடவா?" என்றாள். சீட்டு விளையாடியதைவிட அதுதான் அவளுக்கு அதிசயம்.

அரை மணி நேரம் நின்று பார்த்தாள். பிறகு, "ரெண்டு பேரும் நெஜமாவே நல்லா ஆடுறீங்க. மே மாசம் கோயம்புத்தூர்ல மண்டலப் போட்டி இருக்கு. முதல் பதினாறு பேர் நேஷனலுக்குப் போலாம்" என்றாள்.

"அதெல்லாம் சின்னப் பசங்களுக்கு" என்றேன்.

"வயசு வரம்பே கிடையாது" என்றாள்.

பிருந்தா என்னைப் பார்த்தாள். நான் பிருந்தாவைப் பார்த்தேன். கோயம்புத்தூரில் கண் டாக்டரைப் பார்த்து எனக்கும் நாளாகிவிட்டது.

மே 12, ஞாயிறு

இரண்டு பக்கம் எழுத வேண்டும். கை வலித்தாலும் பரவாயில்லை.

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி அரங்கம். நூற்று நாற்பது பேர். பாதிப் பேருக்கு மீசையே முளைக்கவில்லை. வாசலில் பெயர் பதிகிற பையன், "பேரன்ட்ஸ் எல்லாம் அந்தப் பக்கம் உக்காரணும்ங்க ஆன்ட்டி" என்றான். பிருந்தா இரண்டு சீட்டுக்கட்டையும் மேசையில் வைத்து, "நாங்க ஆட வந்திருக்கோம் தம்பி" என்றாள். அவன் எழுந்து நின்றுவிட்டான். எதற்கு நின்றான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

முதல் ஆட்டத்தில் எதிரே இருந்த பையன் என் மேல் பரிதாபப்பட்டு மெதுவாக ஆடினான். அவனுடைய ஐந்தாவது கோட்டை விழுந்த பிறகுதான் பரிதாபத்தை விட்டான். அதற்குள் நேரமாகிவிட்டது.

சாயங்காலம் பட்டியல் ஒட்டினார்கள். பிருந்தா ஒன்பதாவது. நான் பதினாறாவது, கடைசி இடம். பிருந்தா நடு அரங்கத்தில் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். முடிச்சுப் போட்ட என் கொண்டை அவிழ்ந்துவிட்டது.

கண் டாக்டரை மறந்தே போனோம். வீட்டில் கேட்டதற்கு, "பார்வை நல்லா இருக்காம்" என்று சொன்னேன்.

மே 15, புதன்

இராத்திரிச் சாப்பாட்டில் சொல்லிவிட்டோம். பெங்களூரு, ஜூலை, இரண்டு நாள்.

என் வீட்டுக்காரர் தோசையைக் கீழே வைத்தார். "சீட்டாட்டமா? போலீஸ் வந்தா?"

"இது அந்தச் சீட்டு இல்லீங்க மாமா" என்று பிருந்தா கால் மணி நேரம் விளக்கினாள். யானை, நாய், மழை என்றெல்லாம் சொல்லச் சொல்ல அவர் முகம் இன்னும் குழம்பியது. கொழுந்தனார் மட்டும், "அண்ணா, இவங்க ரெண்டு பேரும் ஒண்ணா ஒரு ஊருக்குப் போறோம்ங்கறாங்க. அதைக் கவனிச்சீங்களா?" என்றார்.

அவர் என்னையும் பிருந்தாவையும் மாறி மாறிப் பார்த்தார். தோசையை மறுபடி எடுத்தார்.

"சரி, போயிட்டு வாங்க" என்றார்.

ஜூன் 11, செவ்வாய்

மழை. பஸ் கூரையில் தடதடவென்று சத்தம். இருபத்தேழு ஆட்டம் என்று இந்த வாரக் கணக்கு. அவள் பதினான்கு.

ஜூன் 19, புதன்

இன்று ஆட்டம் பாதியில் நின்றது. கீர்த்தனாவின் தோழிக்குப் பூப்புச் சடங்கு என்று அழைப்பிதழ் வந்திருந்தது. அத்தை அதைக் கொடுக்க பஸ் வரைக்கும் வந்துவிட்டார். வாங்கிய பிருந்தா படித்துவிட்டுச் சீட்டுகளை மடித்து வைத்தாள். "இன்னைக்குப் போதுங்கக்கா" என்றாள்.

காரணம் எனக்குத் தெரியும். எழுதிவிடுகிறேன். கீர்த்தனாவின் சடங்கில் ஆரத்தித் தட்டைப் பிருந்தாதான் எடுத்தாள். சித்தி எடுப்பதுதான் முறை. நான் எண்பது பேர் முன்னால் அவள் கையிலிருந்து தட்டை வாங்கிப் பரமத்தியிலிருந்து வந்த உறவுக்கார அக்கா ஒருவரிடம் கொடுத்தேன். அவருக்கு மூன்று பிள்ளைகள். பிருந்தாவுக்குக் கல்யாணமாகி அப்போது ஒன்பது வருடம், குழந்தை இல்லை. பெரியவர்கள் அப்படிச் சொன்னார்கள், நான் செய்தேன். என்னை என்ன செய்யச் சொல்வது.

ஜூன் 20, வியாழன்

பெரியவர்கள் யாரும் சொல்லவில்லை.

ஜூன் 22, சனி

அவளே வந்து கூப்பிட்டாள். "வாங்கக்கா, ஒரு மாசம்கூட இல்லை." போனேன். மூன்று ஆட்டமும் தோற்றேன். வேண்டுமென்றே தோற்கவில்லை.

ஜூலை 19, வெள்ளி. பெங்களூரு

ரயிலில் வந்து இறங்கியாயிற்று. அறையில் ஒரே கட்டில். பிருந்தா பதினைந்து புளிச்சோற்றுப் பொட்டலம் கட்டி வந்திருக்கிறாள். "ரெண்டு நாளைக்கு எதுக்குடி இத்தனை?" என்றால், "ஜெயிச்சாப் பசிக்கும், தோத்தா இன்னும் பசிக்கும்" என்கிறாள்.

ஜூலை 20, சனி

அரங்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். எண்ணினேன். பெண்கள் எங்களோடு சேர்த்துப் பதினொன்று. பருத்திப் புடவை நான் ஒருத்திதான். எட்டுச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். எட்டும் முடிந்ததும் முதல் எட்டுப் பேர் நாளைக்கு ஆடலாம்.

ஏழு சுற்று முடிந்தபோது எனக்கு ஐந்து வெற்றி. பிருந்தாவுக்கும் ஐந்து. அதுவரை நடந்ததை நாளைக்கு எழுதலாம். எட்டாவது சுற்றுக்கு ஜோடிப் பட்டியல் ஒட்டினார்கள். மேசை ஒன்பது. என் பெயரும் அவள் பெயரும்: கோகிலவாணி, பிருந்தா.

ஜெயிக்கிறவர் மேலே போகலாம். நேரம் தீர்ந்து சமமாக முடிந்தால் இருவரும் வீட்டுக்கு.

பத்து நிமிடம் இடைவேளை. வராந்தாவில் அவள் பொட்டலம் பிரித்து எனக்கும் ஒரு வாய் கொடுத்தாள். ஜட்ஜிடம் நான் முன்பே கேட்டு வைத்திருந்தேன். ஆடாமலே ஒருவர் விட்டுக்கொடுக்கலாம், தப்பில்லை என்றார்.

"பிருந்தா, நான் விட்டுக் குடுத்துடறேன். நீ மேல போ."

"எதுக்கு?"

"உனக்கு நான் ஒண்ணு செய்யணும்."

அவள் பொட்டலத்தை மடித்துக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. "அக்கா, அன்னைக்கு என் கையில இருந்து எடுத்ததும் நீங்க. இன்னைக்கு என் கையில குடுக்கறதும் நீங்க. எல்லாமே உங்க இஷ்டமா?"

பக்கத்தில் நான்கு பையன்கள் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகும் வரை காத்திருந்தேன்.

"அன்னைக்கு யாரும் என்னைச் சொல்லலை பிருந்தா. பெரியவங்க சொன்னாங்கன்னு ஊரெல்லாம் சொன்னேன், அது பொய். நானாத்தான் வாங்கினேன். என் பொண்ணுக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு ஒரு கிறுக்குப் பயம். உன் மூஞ்சியைப் பாத்தும் வாங்கினேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அடுத்த நாளே அத்தைகிட்டக் கேட்டேன். பிருந்தாதான் எடுக்கணும்னு அவங்க உங்ககிட்டச் சொல்லியிருந்தாங்களாமே."

ஆமாம். சொல்லியிருந்தார். அதை நான் இந்த டைரியில்கூட எழுதவில்லை.

"தெரிஞ்சா ஏன்டி கேக்கலை?"

"நீங்களாச் சொல்றீங்களான்னு பாத்தேன். ரொம்ப நாள் ஆக்கிட்டீங்க."

"என்னை மன்னிச்சுக்கோ."

முகத்தைத் திருப்பிக்கொண்டு தூணைப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு என் முகவாயில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையையும் அதே முந்தானையால் துடைத்தாள்.

"சரி. வாங்க போலாம். ஒழுங்கா ஆடுங்க. விட்டுக் குடுத்தீங்கன்னா உங்க மூஞ்சியிலயே எனக்குத் தெரிஞ்சிடும்."

ஜட்ஜ் எந்த மொழியில் ஆடப் போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். தமிழ் என்றோம். இன்று காலையிலிருந்து அட்டாக், பிளாக் என்று சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டிருந்தது. இறக்குறேன், தாக்குறேன் என்று சொன்னதும் வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது.

முதல் ஆட்டம் அவளுக்கு. என்னை நிமிர விடவில்லை. இரண்டாவது எனக்கு. மூன்றாவதில் எனக்கு ஒரு கோட்டை, அவளுக்கு ஒரு கோட்டை மிச்சம். அவள் கையில் இரண்டு சீட்டு. என் கணக்குப்படி ஒன்று செந்நாய். இன்னொன்று அடைமழையாக இருந்தால் என் தாக்குதல் நின்றுவிடும், அடுத்த சுற்றில் நான் காலி. ஆனால் அவளுடைய அடைமழை நான்கும் விழுந்துவிட்டன என்று என் ஞாபகம் சொன்னது. மூன்றா, நான்கா என்று மனதில் மறுபடி எண்ணினேன். முதல் ஆட்டத்தின் மழையும் இதில் கலந்துவிட்டதோ என்று ஒரு சந்தேகம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்குதான்.

"தாக்குறேன்" என்றேன்.

அவள் கையைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். "விட்டுட்டேன்" என்றாள்.

எழுந்து கை கொடுத்தாள். கை சில்லென்று இருந்தது. பிறகு ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போய்விட்டாள். ஜெயித்த நாற்காலியில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். அவள் கேட்டபடிதான் ஆடினேன். ஆனாலும் பழையபடி ஒன்றரை வருடம் ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது.

கால் மணி நேரம் ஆனது. இரண்டு காபியோடு வந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"நாளைக்குக் காலைல உங்களுக்கு ஜெய்ப்பூர் பையன். அவன் ஆடினதை ஆறாவது சுத்துல நான் நின்னு பாத்தேன். கல்யானையை எடுக்கறதுக்கு முன்னாடி மூக்குக் கண்ணாடிய ஏத்திவிடுவான். காபியக் குடிங்க, சொல்றேன்."

ஜூலை 21, ஞாயிறு

காலிறுதியில் ஜெயித்துவிட்டேன்.

ஜெய்ப்பூர் பையன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்ட போதெல்லாம் நான் தடுப்புக்கு ஆள் வைத்தேன். பாவம், கடைசி வரை அவனுக்கு எப்படி என்று தெரியாது. அவனுடைய ஆறாவது கோட்டையைக் கவிழ்த்தபோது பார்வையாளர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு விசில். திரும்பினால் பிருந்தா. இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடிக்க அவளுக்குத் தெரியும் என்பது பதினோரு வருடத்தில் இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஜட்ஜ் போய்ச் சத்தம் போடக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார்.

அரையிறுதி சென்னைப் பெண் ஒருத்தியோடு. பெயர் அனுக்ரஹா, இருபத்திரண்டு வயது. அவ்வளவு வேகமாக யோசிக்கிற மனுஷியை நான் பார்த்ததில்லை. இரண்டுக்கு ஒன்று என்று தோற்றேன். முடிந்ததும், "உங்ககூட ஆடினதுல எனக்கு வேர்த்துப் போச்சு ஆன்ட்டி" என்று சொல்லிக் கட்டிக்கொண்டாள். பிறகு அவள்தான் சாம்பியன்.

மேடைக்குக் கூப்பிட்டுக் கண்ணாடிக் கோட்டை ஒன்று கொடுத்தார்கள். புள்ளிக் கணக்கில் நாட்டில் நான்காவது இடமாம். படம் எடுக்கும்போது, சிரிக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முடியவில்லை.

மிச்சமிருந்த புளிச்சோற்றைப் பிருந்தா ஜெய்ப்பூர் பையனுக்கும் சென்னைப் பெண்ணுக்கும் கொடுத்தாள். அவன் காரம் தாங்காமல் தண்ணீர் தண்ணீர் என்று ஓடினான்.

அவர் போன் செய்தார். பட்டறையில் ஒரு போனில் நேரலை போட்டு எல்லோரும் பார்த்தார்களாம். "என்ன சீட்டு, என்ன யானை, எனக்கு ஒரு எழவும் புரியலை கோகிலா. ஆனா நீ கையத் தூக்கினப்ப வெல்டிங் அடிக்கிறவன்கூட நிறுத்திட்டான்" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. பிறகு, "பிருந்தாவும் நல்லா ஆடுச்சாமே, அதுகிட்டயும் குடு" என்றார்.

ஜூலை 22, திங்கள். ரயிலில்

சேலம் வரை ஒரு நகர்வைப் பற்றியே சண்டை. எதிரே உட்கார்ந்திருந்தவர் வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

ஜூலை 23, செவ்வாய்

காலையில் ஆறரைக்குச் சமையலறைக்குப் போனேன். நான் இட்லிக்கு ஊற்றினேன், பிருந்தா சட்னிக்குத் தேங்காய் உடைத்தாள். மிக்ஸியைப் போட்டதுமே ஆரம்பித்தாள். அரையிறுதியில் மூன்றாவது ஆட்டம், நான் அடைமழையை ஒரு சுற்று தாமதமாகப் போட்டுவிட்டேனாம். மிக்ஸி சத்தத்தில் பாதி கேட்கவில்லை. நிறுத்தினேன். அவள் முதலிலிருந்து சொன்னாள்.

"அப்ப போட்டிருந்தா என் கையில என்ன மிஞ்சும்?" என்றேன்.

"அதைத்தான் சொல்ல வர்றேன், இருங்க." கடுகு டப்பா, வெந்தய டப்பா, உப்புச் சாடி மூன்றையும் எடுத்து அடுப்பு மேடையில் கோட்டைபோல் வைத்தாள். "இது நீங்க. இது அந்தப் பொண்ணு."

நான் பச்சை மிளகாய்களை எடுத்து அவளுக்கு எதிரே அடுக்கினேன். இட்லி வெந்ததை இறக்கியது யார் என்று ஞாபகமில்லை. எங்களில் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

ஏழே முக்காலுக்கு அவர் தட்டோடு வாசலில் வந்து நின்றார். "சட்னி இன்னும் ஆகலையா?"

பிருந்தா திரும்பவே இல்லை. "நாலாவது சுத்துல இருக்கோமுங்க மாமா. செத்த இருங்க."